கிட்டாரைக் கடிக்காத கேப்போ

“ஸ்டாண்டு மெத்துன்னு இருக்குறதாப் பார்த்துத்தான் வாங்கினேன், டீச்சர். அதுவே கடிச்சு வச்சிருக்கு.”

தணிகாசலம் எலெக்ட்ரிக் கிட்டாரைக் குப்புறத் திருப்பி மேசைமேல் வைத்தார். கைக்குழந்தையை டாக்டர் முன்னால் கிடத்துவது போல, கழுத்துக்கு ஒரு கை கொடுத்து வைத்தார்.

ஜெமிமா டீச்சர் குனிந்து பார்த்தார்.

செந்நிற முதுகில், ஸ்டாண்டின் ரப்பர் சுற்றிய கைகள் தாங்கிய இரண்டு இடங்களிலும் பளபளப்பு உருகிக் கறுத்திருந்தது. கழுத்தின் பின்புறம் இன்னொரு தழும்பு. அது கேப்போ கவ்விய இடம். பாட்டின் சுதியை ஏற்றவோ இறக்கவோ, வேண்டிய இடத்தில் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கிற சின்னக் கவ்விதான் கேப்போ.

“தினமும் துடைக்கிறேன். வெயில் படாம வைக்கிறேன். என் பேரனைக்கூடத் தொட விட்டதில்ல,” என்றார் தணிகாசலம். குரல் இறங்கிவிட்டது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கன்டெய்னரை இறக்கினால், கீழே லாரியில் தூங்குகிற டிரைவருக்குத் தூக்கம் கலையாது என்று ராயபுரம் முழுக்கச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட கைகள் இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றன.

டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். தண்டையார்பேட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில் கிட்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே எந்நேரமும் சுத்தியல் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே டீச்சர் ஒரு கம்பியை மீட்டினால் அது மட்டும் தனியாகக் காதில் விழும். எப்படி என்று தணிகாசலத்துக்கு இன்றுவரை புரிந்ததில்லை. புரியாததாலேயே டீச்சர் மேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது.

“எந்த ஸ்டாண்டு நல்லது, எந்தக் கேப்போ நல்லதுன்னு சொல்லுங்க டீச்சர். என்ன விலையானாலும் வாங்கிடுறேன்.”

“உங்க ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டுதான்ணே.”

“இதப் பார்த்துமா சொல்றீங்க?”

“ஆமா. என் கிட்டாரு அதே மாதிரி ஸ்டாண்டுலதான் நிக்குது.”

தணிகாசலம் மூலையைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை.

“என்னுது இந்தக் காலத்து பெயின்ட். கெட்டி. உங்களுது பழைய கிட்டாரு, மேல பூசுனது அந்தக் காலத்து மெல்லிசு வார்னிஷ். அது மூச்சு விடும். இந்த ரப்பர் மேல ரொம்ப நாள் சாஞ்சிருந்தா இளகிடும். ரப்பர் மேலயும் தப்பில்ல, வார்னிஷ் மேலயும் தப்பில்ல. ரெண்டுக்கும் ஒத்துக்கல.”

டீச்சர் அலமாரியிலிருந்து துவைத்த பழைய வேட்டித் துண்டு ஒன்றை எடுத்தார். பட்டையாகக் கிழித்தார்.

“இத ஸ்டாண்டுல ரப்பர் இருக்குற இடமெல்லாம் சுத்திடுங்க. வெள்ளைப் பருத்தியே இருக்கட்டும். கலர் துணின்னா சாயம் ஒட்டும்.”

“அவ்ளோதானா?”

“அப்பப்போ எடுத்து வாசிங்க. ஒரே இடத்துல சாஞ்சே கெடக்காது.”

தணிகாசலம் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கேப்போவை எடுத்து நீட்டினார். விறைப்பான ஸ்பிரிங் வைத்தது. கடையிலேயே பலமானதைக் கேட்டு வாங்கியிருந்தார்.

“இது?”

“விரல நீட்டுங்க.”

அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். டீச்சர் கேப்போவை அதில் மாட்டிவிட்டார்.

“பிடிச்சிருக்கா?”

“வலிக்குது டீச்சர்.”

“கீழ விழுந்துடுமா?”

“செத்தாலும் விழாது.”

டீச்சர் சிரித்தபடி அதைக் கழற்றினார். இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்தார். இதில் ஸ்பிரிங் இல்லை, பின்னால் ஒரு சின்னத் திருகு. அதே விரலில் மாட்டி, மெதுவாகத் திருகினார்.

“கைய உதறுங்க.”

தணிகாசலம் உதறினார். கேப்போ அசையவில்லை.

“வலிக்குதா?”

“இருக்குறதே தெரியல.”

டீச்சர் அதைக் கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த ஃப்ரெட் என்கிற உலோகக் கோடு ஒன்றுக்கு நெருக்கமாக வைத்தார். திருகைத் தளர்த்தி ஒரு கம்பியை மீட்டினார். அது கரகரத்தது. கொஞ்சம் திருகி மறுபடி மீட்டினார். கரகரப்பு குறைந்தது. இன்னும் ஒரு நூல் திருகினார். சத்தம் சுத்தமாக வந்தது.

அங்கேயே கையை எடுத்துவிட்டார்.

“இன்னும் இறுக்கலையே?” என்றார் தணிகாசலம்.

டீச்சர் இன்னும் இரண்டு சுற்று இறுக்கிக் காட்டினார். கம்பிகள் மேலே இழுபட்டுச் சுதி விலகின. தணிகாசலத்துக்குப் பல் கூசியது. டீச்சர் பழைய இடத்துக்கே தளர்த்தினார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, காயம்பட்ட அந்தக் கிட்டாரை மடியில் வாங்கி வாசிக்க ஆரம்பித்தார். மகா பாட்டு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாலு வரி மெட்டுதான். கழுத்துத் தழும்பு அவர் கட்டைவிரலுக்கு அடியிலேயே வந்து வந்து போயிற்று. பாட்டு எங்கேயும் தடுக்கவில்லை.

தணிகாசலம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இந்தக் கிட்டாருக்குள் இவ்வளவு இருக்கிறதென்று வாங்கின அவருக்கே தெரியாது.

வாசித்து முடித்துவிட்டு டீச்சர் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கணும்ணே. வார்னிஷ் இவ்ளோ இளகணும்னா கேப்போ மாசக்கணக்கா இங்கயே இருந்திருக்கணும். கழட்டவே இல்லியா?”

“இல்ல.”

“வாசிச்சு முடிச்சா கழட்டி வைக்கச் சொல்லியிருந்தேனே.”

தணிகாசலம் அந்தத் தழும்பை ஒருமுறை தடவினார். கீழே யாரோ டயரை உருட்டிப் போட்டார்கள்.

“அஞ்சாவது ஃப்ரெட்டுல வச்சாதான் அவ சுதி.”

“யாரு?”

“என் வீட்டுக்காரி. கோமளா.”

கோமளவல்லி பாடுகிறவள். கச்சேரி மேடையெல்லாம் ஏறியதில்லை. தெருவில் வளைகாப்பு என்றால், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்றால், ஆள் விட்டு அழைப்பார்கள். அவள் எடுத்தால் ஒலிபெருக்கி வேண்டாம். தணிகாசலம் கல்யாணத்துக்குச் சம்மதித்ததே அந்தக் குரலுக்காகத்தான்.

போன வருஷம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். குரல் மட்டும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

“அதுக்கப்புறம்தான் டீச்சர் நான் உங்ககிட்ட கத்துக்கவே வந்தேன். பின்னால ஒருத்தன் வாசிச்சா அவளுக்குத் தெம்பு வருமேன்னு. தெனம் சாயங்காலம் கிட்டார எடுத்துட்டு அவ முன்னால உக்காருவேன். அஞ்சாவதுல வாசிப்பேன். பாடு கோமளா, பழையபடி வந்துடும், இன்னும் கொஞ்சம் மூச்சு கட்டுன்னுவேன்.”

“பாடுவாங்களா?”

“ஆரம்பத்துல பாடினா. மேல போறப்போ உடையும். திரும்ப எடுன்னுவேன். திரும்பவும் உடையும்.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “இப்பல்லாம் கிட்டார எடுத்தாலே அடுப்படிக்கு எழுந்து போயிடுறா.”

பாவம் என்றோ, சரியாகிவிடும் என்றோ டீச்சர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமலிருந்ததற்காக அன்றைக்கு அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போயிற்று தணிகாசலத்துக்கு.

திருகு கேப்போவைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார் டீச்சர்.

“இத எடுத்துட்டுப் போங்க. ஆனா நீங்க மாட்டாதீங்க. அவங்க கையில குடுங்க.”

“அவளுக்குக் கிட்டாரப் பத்தி ஒண்ணும் தெரியாதே டீச்சர்.”

“அதனாலதான்.”

தணிகாசலத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் டீச்சர் சொல்லை அவர் தட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டாண்டுக்கு வேட்டித் துணியைச் சுற்றினார். மடிப்பு விழாமல், முடிச்சு கிட்டாரில் படாமல் அடிப்பக்கம் வருகிற மாதிரி கட்டினார். கோமளவல்லி முறத்தில் கீரையை ஆய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தைக்குத் தொட்டில் கட்றாப்ல இருக்கு,” என்றாள்.

அவர் சிரித்தார். கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். அவள் கீரை முறத்தோடு எழுந்தாள்.

“கோமளா, ஒரு நிமிஷம். இதக் கொஞ்சம் பிடி.”

கேப்போவை நீட்டினார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னாது இது? பழசு எங்க?”

“அது ரொம்ப இறுக்கமா இருந்துச்சு.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். திருகைத் தளர்த்தினாள், இறுக்கினாள், மறுபடி தளர்த்தினாள். பிறகு கிட்டாரின் நீண்ட கழுத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஃப்ரெட்டுகள்.

“இத எங்கங்க மாட்டணும்?”

அஞ்சாவது என்று சொல்ல வாயைத் திறந்தார் தணிகாசலம்.

சொல்லவில்லை.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சாயங்காலம் இந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்! கிட்டாரின் கழுத்தை அவள் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார்.

“உனக்கு எங்க சௌகரியமோ, அங்க.”

கோமளவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில், ஒரு சுரத்தை மெல்ல முனகினாள்.