சித்திரை மாதத்துச் சிவப்பு

"மேலே சுத்துற செயற்கைக்கோளுக்குத் திருட்டுத் தண்ணி தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க தாயி."

செருப்பைக் கழற்றும்போதே சங்கிலி கேட்டுவிட்டார்.

ஜெபராணி டீச்சர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து, வைகைப் படுகையில் எங்கே எந்தப் பயிர் மாறியிருக்கிறது என்று வரைபடம் போடுவது அவர் வேலை. விவசாயிகளுக்கும் அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். சங்கிலியைவிட இருபது வயது இளையவர்.

"தண்ணி தெரியாதுங்கய்யா. பச்சை தெரியும்."

"அது போதும். என் சகலை மாயழகு தலைமடையில உக்காந்துக்கிட்டு, வாய்க்காலை மறிச்சு வாழை போடுறான். எங்க கடைமடைக்குச் சொட்டு வரல. தண்ணி வந்தாத்தான் வயல்ல கால் வைப்பேன்னு ஊர்க்கூட்டத்துல சொன்னவன் நான். வருஷக்கணக்காச்சு. வச்சேனா? யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"பரமக்குடியில மக வீடு. அதை விடுங்க. மாயழகைக் கலெக்டர் முன்னால நிறுத்தணும். அதுக்குப் படம் பாக்கக் கத்துக்கணும்."

"கத்துக்கலாம்."

எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதர். இருந்தாலும் கற்றுக்கொண்டார். இந்தப் படத்தில் பச்சை சிவப்பாகத் தெரியும், தரிசு சாம்பலாகத் தெரியும் என்பதைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வடியப் பார்த்தார். கூட வந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். இவருக்குப் பகை இருந்தது; நிற்கவில்லை.

ஒருநாள் கேட்டார்: "இப்ப தலைமடைப் படத்தைக் குடுங்க."

டீச்சர் போன சித்திரை மாதத்துப் படத்தை எடுத்தார். ஊர்ப் பெயர் அச்சடித்த ஓரத்தைக் கத்தரித்து எறிந்தார். மிச்சத்தைச் சதுரம் சதுரமாக வெட்டினார். ஒன்றை அவர் கையில் வைத்தார்.

"இது எந்த ஊரு?"

"பேர் தெரியாமப் பாருங்க."

"பேர் தெரியாம யாரைப் பிடிக்கிறது?"

டீச்சர் பென்சிலை நீட்டினார்.

சாம்பல் நிலத்துக்கு நடுவில் ஒரு திட்டு மட்டும் ரத்தமாய்ச் சிவந்து கிடந்தது. சங்கிலி சதுரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஆறே காஞ்சு கெடக்கிற சித்திரையில இம்புட்டுச் செழிப்பா? அடுத்தவன் தண்ணியை உறிஞ்சாம இது நடக்காது. மாயழகையே தூக்கிச் சாப்பிட்டுருவான் தாயி, இந்தத் திருடன்!"

பென்சில் முனை ஒடிய வட்டம் போட்டார்.

"சரி, அங்க போய் நில்லுங்க. நின்னு பாக்காத எதையும் நான் வரைபடத்துல ஏத்தமாட்டேன்."

அந்த இடத்துக்கு வழியை அவர் போனில் போட்டுக்கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் சங்கிலி கிளம்பினார். போன் அவரைத் தலைமடைப் பக்கம் விடவில்லை. கிழக்கே, கடைமடைப் பக்கம் திருப்பியது. நம்ம பக்கத்திலேயே ஒரு களவாணியா என்று நடையை எட்டிப் போட்டார். சொந்த ஊர் எல்லை வந்தது. அப்போதும் அவர் நிற்கவில்லை.

போன் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் சீமைக் கருவேலங்காடு அடைத்துக்கொண்டு நின்றது. வரப்பு தெரியவில்லை. வாய்க்கால் தெரியவில்லை.

முள்ளுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"யாரு, சங்கிலி மாமாவா? அடேயப்பா, வழி மறக்கலையே! வாங்க, ஒங்க வயலைக் கண்ணு குளிரப் பாத்துக்கங்க. இந்த முள்ளு வேர்விட்டு எங்க கெணத்தையும் சேத்துக் குடிச்சிருச்சு. வந்து கேக்கலாம்னா, நீங்கதான் கால் வைக்கமாட்டீகளே!"

சங்கிலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்தார்.

சாயங்காலம் டீச்சர் முன்னால் வந்து நின்றார். வேட்டியெல்லாம் முள் கிழிசல்.

"நின்னீங்களா?"

"நின்னேன்."

"என்ன பயிர்?"

அவர் அந்தச் சதுரத்தை மேசைமேல் வைத்தார்.

"வர்ற சித்திரைக்கும் படம் எடுக்குமா?"

"எடுக்கும்."

"மாயழகை நான் விடப்போறதில்ல தாயி. அது வேற."

வட்டத்தின் மேல் விரலை அழுத்தினார்.

"மொதல்ல இவன். நல்ல வெட்டரிவாள் இங்க எந்தக் கடையில கெடைக்கும்?"