மர்டோ போர்த்திய பீப்பாய்

"என் பீப்பாய்ல யாரோ கை வைக்கிறாங்க. அளவு குறைஞ்சிருக்கு," என்றான் மர்டோ.

மோராக் முளைவிடத் தரையில் பரப்பிய பார்லியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் இருந்த அந்தச் சின்ன விஸ்கி வடிசாலை அவள் பொறுப்பில் இருந்தது. மர்டோ அவளைவிட மூத்தவன். கப்பல் வேலையை விட்டுவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்தவன். புதிதாகச் சேருபவர் தன் பெயரில் ஒரு பீப்பாய் விஸ்கி நிரப்பிப் பல வருஷம் முதிர வைப்பது அங்கே வழக்கம்.

"யாரும் தொடல. மரம் மூச்சு விடுது. வருஷா வருஷம் கொஞ்சம் காத்தோட போகும். தேவதைங்க பங்குன்னு சொல்வோம்."

"தேவதைங்க என்ன வேலை பார்த்தாங்க, பங்கு கேட்க? திருட்டுதான் இது."

கப்பல்காரனுக்குக் கசிவு என்றாலே ஆகாது. மறுநாளே பீப்பாயைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிச் சுற்றி இறுக்கி, ஓரங்களில் தார் பூசிவிட்டான்.

மோராக் தடுக்கவில்லை. மர்டோவின் பீப்பாயை நிரப்பிய அதே நாளில் நிரப்பிய வேறொன்றை உருட்டி வந்து பக்கத்தில் வைத்தாள்.

வருஷங்கள் போயின. மர்டோவின் மகள் கிர்ஸ்டிக்கு அக்கரை நகரத்தில் வேலை கிடைத்தது.

"அனுப்பலையா?" என்றாள் மோராக்.

"ஒரே பொண்ணு. போனா போனதுதான். இங்கேயே இருக்கட்டும்."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. இப்பல்லாம் வீட்ல பேசறதே இல்ல."

மோராக் எழுந்தாள். "வாங்க, உங்க பீப்பாயைத் திறப்போம்."

மர்டோ பிளாஸ்டிக்கை அறுத்து, அடைப்பைத் தட்டி எடுத்தான். சுற்றிய அன்று இருந்த அளவு அப்படியே இருந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு குறையல."

அவள் ஒரு கிளாஸில் எடுத்துக் கொடுத்தாள். நிறமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குடித்தான். தொண்டை எரிந்தது, அவ்வளவுதான். வடித்த அன்று இருந்த அதே முரட்டுத்தனம்.

பக்கத்துப் பீப்பாயில் கால்வாசியைக் காணோம். மிச்சத்திலிருந்து ஒரு வாய் கொடுத்தாள்.

மர்டோ அப்படியே உட்கார்ந்துவிட்டான். தேன் வந்தது, புகை வந்தது, கடைசியில் கடல் வந்தது.

"ரெண்டும் ஒரே நாள் வடிச்சதா?"

"ஒரே கொப்பரையில வடிச்சது."

அவனுக்குக் கண் கலங்கியது. மறைத்துக்கொள்ளவில்லை.

"இத்தனை வருஷம் பாத்துட்டே இருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். திருட்டுன்னீங்க."

மர்டோ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு அக்கரைக்குப் படகு எத்தனை மணிக்கு?"