சட்டத்தை விட்டு அளந்த திரை

சங்கரன்கோவிலில் வீடியோ கேம் கடை வைத்திருந்த இசக்கியப்பனுக்கு, ஆடித்தபசு நெருங்கும் நேரம் பார்த்துப் பெட்டியின் திரை புகைந்து அணைந்துபோனது. கடையில் இருந்ததே அந்த ஒரு பெட்டிதான். விமானம் சுடுகிற ஆட்டம். திருவிழாக் கூட்டத்தை நம்பித்தான் அவருக்கு வருஷமே ஓடியது. கூட்டாளி சவரிமுத்தும் மச்சினன் சுடலைமணியும் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் இருவரும் தன்னைவிட அறிவாளிகள் என்று நம்பியதுதான் இசக்கியப்பன் செய்த பாவம்.

பக்கத்துக் கடை போனிலிருந்து, மதுரையில் உதிரிபாகம் விற்கும் உதுமான் பாயிடம் புதுத் திரை கேட்டார். பாய் பொறுமையாகத்தான் சொன்னார்: "கண்ணாடியை மூலைக்கு மூலை சாய்ச்சு அளந்து, எத்தனை அங்குலம்னு சொல்லுங்கண்ணே. சட்டத்தை விட்டுட்டு அளக்கணும்."

இசக்கியப்பன் முகம் வெளிறித் திரும்பி வந்தார். "சட்டத்தை விட்டுட்டு அளக்கணுமாம்."

"அப்போ போலீஸ் சமாச்சாரம்லா அண்ணாச்சி," என்றான் சவரிமுத்து.

கண்ணாடியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருப்பது மூவர் நினைப்பிலும் வரவில்லை. அளக்காவிட்டால் திருவிழா போச்சு, அளந்தால் ஜெயில். கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு அளப்பது என்று முடிவானது. சவரிமுத்து வெளியே காவல் நின்றான். அவ்வழியே போன போலீஸ்காரர் சும்மா அவனைப் பார்க்க, "உள்ள யாரும் எதையும் அளக்கலை சார்," என்று தானாகவே சொல்லிவைத்தான்.

உள்ளே வேறு சிக்கல். சாய்த்து அளக்கச் சொல்லியிருக்கிறார். பெட்டியோ நேராக நிற்கிறது. சுடலைமணி ஒரு பக்கமாகச் செங்கல்லைச் செருகினான். சாய்வு போதவில்லை. இன்னொன்றைச் செருகினான். பெட்டி இசக்கியப்பனின் கால் கட்டைவிரல்மேல் சாய்ந்தது. கத்தினால் சட்டம் உள்ளே வந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டே, மேல் விளிம்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அளந்து முடித்தார்.

போனில் அளவைக் கேட்டதும், அப்படி ஒரு அளவே கிடையாது என்றார் பாய். "சரி போகட்டும். பின்னாடி எழுதியிருக்கும், பாத்துச் சொல்லுங்க."

மூவரும் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். சுவரில் எழுதித்தான் இருந்தது: 'இங்கு சிறுநீர் கழித்தால் அபராதம் 200.'

"இருநூறு அங்குலம், பாய்," என்றார் இசக்கியப்பன்.

உடனே பாய், தயவுசெய்து இனி எதையும் அளக்க வேண்டாம், அந்தப் பெட்டிக்கு எது சேரும் என்று எனக்கே தெரியும், பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார். வந்த திரை கச்சிதமாகப் பொருந்தியது. அளவைச் சரியாகச் சொன்னதற்காக மூவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

தபசன்று காலையில் சுவிட்சைப் போட்டால், படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது. வாசலில் பையன்கள் முண்டியடித்தார்கள்.

சுடலைமணி நிதானமாகச் சொன்னான்: "படம் படுத்திருக்கு. ஆளும் படுத்துட்டா நேராயிரும்லா அத்தான்?"

பெஞ்ச் வந்தது, தலையணை வந்தது. பையன்கள் இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டு ஆனந்தமாகச் சுட்டுத் தள்ளினார்கள். ஆனாலும் இசக்கியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போய், போனில் பாயிடம் விவரம் சொன்னார்.

"படுத்துக்கிட்டு வருதா? திருப்பி வைங்கண்ணே, சரியாயிரும்."

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு ஓடினார். பெஞ்சில் இடப்பக்கமாகப் படுத்திருந்த பையனைத் தூக்கி, தலையணையை மறுகோடிக்கு மாற்றி, வலப்பக்கமாகத் திருப்பி வைத்தார். பையன் என்னமோ சொன்னான். கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"பாய், திருப்பி வச்சாச்சு. இப்போ படம் தலைகீழாத் தெரியுதுங்கான்."

பாய் வாயைத் திறப்பதற்குள் கடையிலிருந்து சவரிமுத்து ஏதோ கத்தினான். இசக்கியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, நிம்மதியாக ரிசீவரைக் காதில் வைத்தார்.

"நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க பாய். மச்சினன் உத்தரத்துல கயிறு கட்டிட்டான். பையனும் காலைக் குடுத்துட்டான்."