காத்தாடிமேட்டுத் தடம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு.

குருவின் பெயர் ஹெப்சிபா. பழனி மலையின் மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. சீடர் திருமேனி, மின்வாரிய வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று மலைக்கு வந்தவர். வந்த வருடம் பள்ளி மைதானத்தை அவரால் ஒரு சுற்றுகூட ஓட முடியவில்லை. பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“முதல்ல மூச்சு விடக் கத்துக்குங்க அண்ணே. ஓட்டம் எங்கயும் போயிடாது” என்றார் ஹெப்சிபா.

அன்றிலிருந்து திருமேனி அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். இரண்டே வருடத்தில் ஐம்பது கிலோமீட்டர் ஓடக் கற்றுக்கொண்டார். பிறகு மற்றவர்களையும் ஓடவைத்தார்.

காத்தாடிமேடு என்பது ஒரு நீண்ட புல்வெளி முகடு. அதன் மடியில் ஒரு சதுப்பு. கீழே மூன்று ஊர்களுக்குக் குடிநீர் தரும் ஓடை அங்கேதான் பிறக்கிறது. சதுப்பின் குறுக்கே சாலை போட்டு விடுதி கட்ட ஒருவர் வந்தபோது, திருமேனி அதைக் காப்பாற்ற ஓர் ஓட்டம் நடத்தினார். சோலைக்காடு வழியாக ஏறி, முகட்டின் மேலே நடந்துபோகும் ஒற்றையடித் தடத்தில் ஐம்பது கிலோமீட்டர். பனிக்குள் வரிசையாக ஓடும் மனிதர்களின் படம் எல்லா ஊருக்கும் போனது. கடிதங்கள் போயின. சாலைத் திட்டம் நின்றது.

பிறகு ஓட்டம் ஒவ்வொரு தையிலும் நடந்தது. ஆறாவது ஓட்டத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது திருமேனி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். டீச்சர் வாலிபால் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் முந்நூறு பேர் ஓடினாங்க டீச்சர். இந்த வருஷம் எழுநூறு பேர் கேக்குறாங்க. எத்தனை பேரைச் சேர்க்கலாம்?”

டீச்சர் முடிச்சைப் போட்டு முடித்தார்.

“ஞாயித்துக்கிழமை மேட்டுக்குப் போலாம். ரெண்டு பாட்டில் தண்ணி கொண்டு வாங்க. குடிக்க இல்ல.”

“குடிக்க?”

“குடிக்க டீ கொண்டு வாங்க. சர்க்கரை போடாம.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மேட்டில் ஏறியபோது பனி விலகிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்து புல் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. அதன் நடுவே தடம் செம்மண்ணாக, நேராகப் போயிற்று. முதல் வருடம் ஒரு பாதம் வைக்கிற அகலம்தான் இருந்தது. இப்போது மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். சில இடங்களில் முழங்கால் ஆழம்.

“எவ்வளவு அழகாப் படிஞ்சிருக்கு பாருங்க” என்றார் திருமேனி. “கண்ணைக் கட்டி விட்டாலும் யாரும் வழி தவற மாட்டாங்க.”

“ஒரு பாட்டிலைத் தொறங்க. புல்லு மேல ஊத்துங்க.”

ஊற்றினார். தண்ணீர் புல்லுக்குள் போயிற்று. இருவரும் சரிவைப் பார்த்தபடி நின்றார்கள். எங்கும் எதுவும் வரவில்லை.

“எங்க போச்சு அண்ணே?”

“உள்ள போயிருச்சு.”

“அடுத்ததைத் தடத்துல ஊத்துங்க.”

இந்தத் தண்ணீர் நிற்கவே இல்லை. புழுதியையும் ஒரு காய்ந்த புல்லையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடிற்று.

“கூடப் போங்க” என்றார் டீச்சர்.

“தண்ணி கூடவா?”

“நீங்கதான் நல்லா ஓடுவீங்களே.”

திருமேனி சிரித்துக்கொண்டே போனார். இருபது அடியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தடம் தீரவில்லை. மழைநாளில் இந்தத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்ப்பதற்காக அவர் தொடர்ந்து இறங்கினார். தடம் வளைந்து சதுப்பின் ஓரத்தைத் தொட்டது. அங்கே செம்மண் ஒரு முறத்தைக் கவிழ்த்ததுபோலப் பரவிக் கிடந்தது. அவர் அதன்மேல் ஏறி நின்றார். தரை அசையவில்லை. மிதித்துப் பார்த்தார். காலணியில் ஈரம் ஒட்டவில்லை.

டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

“முன்னாடி இங்க கால் வெச்சா எதுவரைக்கும் போகும்?”

“கணுக்கால்வரைக்கும். ஒருத்தர் ஷூவையே விட்டுட்டு வந்தார்.”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஓடுறவங்களுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பினீங்க. ஞாபகம் இருக்கா?”

திருமேனி காலடி மண்ணைப் பார்த்தார்.

“‘இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் இருந்த சதுப்பு ஓரம் இப்போது நன்றாக இறுகிவிட்டது. காலணி நனையாமல் கடக்கலாம்.’ கூட ஒரு சிரிச்ச முகமும் போட்டிருந்தீங்க.”

“நான்தான் எழுதினேன்” என்றார் திருமேனி.

அவர் குனிந்து மண்ணை ஒரு கை அள்ளினார். அடியில் பாசி கறுத்து, துணிபோல மடங்கிக் கிடந்தது. மண்ணைத் திரும்ப அங்கேயே போட்டார். கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“இந்த ஓட்டம் இல்லேன்னா இங்க தார் ரோடு வந்திருக்கும் டீச்சர்.”

“ஆமா.”

“விடுதி வந்திருக்கும். சதுப்பே இருந்திருக்காது.”

“ஆமா அண்ணே. அது நிஜம்.”

“மேட்டை விட்டுட்டா யாரும் வர மாட்டாங்க. அந்த மேட்டைப் பார்க்கத்தான் வர்றாங்க. ஆள் வரலேன்னா, நாளைக்கு இன்னொருத்தன் ரோடு போட வந்தா யார் கேப்பா?”

“தெரியல.”

“நீங்க எப்ப கவனிச்சீங்க?”

“மூணாவது ஓட்டத்திலேயே.”

திருமேனி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் சொல்லல?”

டீச்சர் முகட்டைப் பார்த்தார். பனி முழுவதும் போய்விட்டிருந்தது.

“எனக்கும் அந்த மேடு பிடிக்கும்” என்றார். “நீங்க வர்றதுக்கு முன்னாடி தினமும் நான்தான் அங்க ஓடிட்டிருந்தேன். முதல் தடம் என்னோடது.”

ஒரு குருவி புல்லிலிருந்து எழுந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடி புல்லில் இறங்கியது.

“அப்படின்னா நான் செஞ்சது நல்லதா, கெட்டதா?”

டீச்சர் திருமேனியின் பையிலிருந்து டீக் குடுவையை எடுத்து இரண்டு தம்ளரில் ஊற்றினார்.

“ஆறிடும். குடிங்க.”

குடித்தார்கள். இறங்கும்போது டீச்சர் தடத்தில் காலை வைக்கவில்லை. புல்லிலும் வைக்கவில்லை. பாறை பாறையாகத் தாவி இறங்கினார். அது சுற்றுவழி. திருமேனி பின்னாலேயே போனார். இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. அவருடைய மூட்டு வலித்தது.

நான்கு நாள் கழித்து திருமேனி எல்லோருக்கும் எழுதினார். இந்த வருடம் மேடு கிடையாது. பூண்டு வயல், பேரிக்காய்த் தோட்டம், ஊர்ச் சாலை வழியாக அதே ஐம்பது கிலோமீட்டர். காரணத்தையும் எழுதினார். பழைய அறிவிப்பையும் அப்படியே கீழே சேர்த்தார். சிரித்த முகத்தை எடுக்கவில்லை.

எழுநூறு பேரில் அறுபத்து நான்கு பேர் வந்தார்கள்.

ஓட்டத்துக்கு முன்பே திருமேனி வனக்காவலர் இருவரோடு போய், மேட்டுத் தடம் தொடங்கும் இடத்தில் கல்லும் முள்ளும் போட்டு அடைத்தார். ஓடும் தண்ணீரைத் தடுக்க, தடத்தின் குறுக்கே இடைவெளி விட்டுப் புல்கட்டிகளைப் பதித்தார். மூன்று நாள் வேலை. கடைசி நாள் அவர் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்துவிட்டு இறங்கினார்.

ஓட்டத்தன்று இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், சாலை வளைவு ஒன்றில், ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து மேடு தூரத்தில் தெரிந்தது. அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மூச்சு வாங்க வந்து சுளையை எடுத்தார். ஐந்து வருடமும் ஓடியவர்.

“மேடே இல்லாத மேட்டு ஓட்டம். இதுக்கு எங்க ஊர் பைபாஸ்லயே ஓடியிருப்பேன் சார்.”

“மன்னிச்சுக்குங்க.”

“அடுத்த வருஷமாவது விடுவீங்களா?”

“இல்லைங்க.”

அவர் கொட்டையைத் துப்பப்போய், நிறுத்தி, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சரி, அந்தத் தட்டை நீட்டுங்க. இன்னும் இருபத்தெட்டு இருக்கு” என்றார்.

எல்லோரும் கடந்த பிறகு டீச்சர் வந்தார். கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடி, வழிகாட்டும் நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு வருவது அவர் வேலை. இடுப்புப் பை நாடாக்களால் புடைத்திருந்தது.

“சுளை இருக்கா, தீந்துடுச்சா?”

“உங்களுக்கு எடுத்து வெச்சிருக்கேன்.”

டீச்சர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார். திருமேனி நின்றுகொண்டே இருந்தார்.

“அந்தத் தடம் மூடுறதுக்கு எத்தனை வருஷம் ஆகும் டீச்சர்?”

“தினம் நெனைப்பு அங்கதானா?”

“ஆமா. முளைக்குதா, மழை வந்தா கட்டி நிக்குமான்னு. மாசம் ஒரு தடவை நானே ஏறிப் போய்ப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன். நான் ஒருத்தன்தானே.”

டீச்சர் எழுந்து, அந்த வளைவில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“நானும் ஒருத்தியாத்தான் அங்க ஓட ஆரம்பிச்சேன். அப்படின்னா மூடாது அண்ணே.”