எச்சில் தம்ளர்

ஈரல் நோய் நிபுணர் மெகருன்னிசாவிடம் பாடம் கேட்க வந்த ஜோதிலிங்கம், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்த ஊரில் கிளினிக் நடத்தித் தாடி நரைத்த டாக்டர். தாடி குருவுக்குத்தான் இருக்க வேண்டும் என்பது கதைகளின் வழக்கம். ஈரலுக்கு அந்த வழக்கம் தெரியாது.

ஒரு நாள் சீடர் கேட்டார்.

"மேடம், நோயைக் கண்டுபிடிச்சிடறேன். மருந்தும் தெரியும். வீட்டுக்காரங்ககிட்ட எப்படிப் பேசறது?"

"யார் வீட்டுல?"

"செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. நிறைமாசம். ரத்தத்துல ஹெபடைடிஸ் பி. மாமியார் தட்டு, தம்ளரைத் தனியா வெச்சுட்டாங்க. இன்னைக்கு மலைமேல இருக்கிற தாய் வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. பிறந்த உடனே குழந்தைக்குப் போட வேண்டிய ஊசி அங்க கிடைக்காது. அம்மாவோட நோய் குழந்தைக்கும் வந்துடும்."

"கிளம்புங்க" என்றார் குரு.

அந்த வீட்டு வாசலில் பை கட்டித் தயாராக இருந்தது. செண்பகவல்லி பின்கட்டில் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் பேச்சியம்மாள் வந்தவர்களுக்கும் காபி கொடுத்தார்.

"அம்மா, இந்தக் காமாலைக் கிருமி தட்டாலயும் தம்ளராலயும் ஒட்டாது" என்றார் ஜோதிலிங்கம். சொல்லிவிட்டுக் காபியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

"காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணும். இவ கண்ணு வெள்ளையா இருக்கே?"

"மஞ்சளே காட்டாமலும் இருக்கும். அதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம்."

"சரிங்க. ஒட்டாதுன்னா நீங்க ஏன் வாய் வைக்காமக் குடிக்கிறீங்க?"

சீடர் திடுக்கிட்டார்.

"அது எங்க வீட்டுப் பழக்கம்மா."

"இது எங்க வீட்டுப் பழக்கங்க." பேச்சியம்மாள் தனித் தட்டைக் காட்டினார்.

குரு எழுந்து பின்கட்டுக்குப் போனார். செண்பகவல்லியின் கையிலிருந்த தம்ளரை வாங்கி, வாய் வைத்து, மிச்சக் காபியைக் குடித்து முடித்தார்.



"அம்மா, அது அவ எச்சிலு" என்று பதறினார் பேச்சியம்மாள்.

"தெரியும்." குரு செண்பகவல்லியிடம் திரும்பினார். "உனக்கு மட்டும் சர்க்கரை கம்மியாப் போடறாங்களே."

அந்தப் பெண் காலித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் சமாளித்துக்கொண்டார். "நீங்க பெரிய டாக்டரு. உங்களுக்கு எதுவும் ஒட்டாது. இவ பஸ்ஸுக்குக் கிளம்பட்டும்."

தெருவுக்கு வந்ததும் சீடர் பொருமினார்.

"குடிச்சுக் காட்டியும் நம்பலையே, மேடம்."

"எனக்கு ஒட்டாதுன்னு அவங்க சொன்னது சரிதான். எனக்கு ஏற்கெனவே இருக்கு."

"எது?"

"அதே பி. பிறக்கும்போது எங்க அம்மாகிட்டேருந்து வந்தது. அப்ப ஊசி போட ஆள் இல்லை. இப்ப மாத்திரை சாப்பிடறேன்."

சீடர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். இத்தனை நாளும் மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே கேரியரிலிருந்துதான். இந்த நோய் எதனால் தொற்றும், எதனால் தொற்றாது என்பதைப் புத்தகத்தின் பக்க எண்ணோடு சொல்லக்கூடியவர் அவர். இருந்தும் கை தானாக எழுந்து உதட்டைத் துடைத்தது.

குரு அதைப் பார்த்தார். குரு பார்த்ததைச் சீடரும் பார்த்தார்.

"மேடம், நான் வேணும்னு..."

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் குரு. "இப்ப உள்ள போய்ப் பேசுங்க, டாக்டர்."