உதிர்ந்த கல்

மேற்கு எண்ணெய் வயல் செத்துப்போயிற்று. கொன்றது தண்ணீர்.

நல்ல தண்ணீர்தான். ஆற்றுத் தண்ணீர். எண்ணெய் தானாக ஏறி வருவது ஓய்ந்த பிறகு, ஒரு கிணற்றில் தண்ணீரை இறக்குவார்கள். அது பாறைக்குள் மிச்சமிருக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த கிணற்றில் ஏற்றிவிடும். எல்லா நாட்டிலும் செய்கிற வேலை. இங்கே பாறை வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் உள்ளே போகவில்லை. எண்ணெய் வெளியே வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பாறை தாங்கும் என்று ஆய்ந்து கையெழுத்துப் போட்டவள் குமுதவல்லி. தலை நரைத்த இன்ஜினியர். பாறையைப் படித்தது இன்னாசியிடம். ஓய்வு பெற்றும் அவர் வீட்டில் இருப்பதில்லை. கம்பெனியின் பாறைக் கிடங்கில் கிடப்பார். கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் தண்டுகள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன.

அவள் வந்தாள். ஒரு பெட்டிமேல் உட்காரப் போனாள்.

"அதிலே உட்காராதே. அது மேற்கு."

எழுந்து நின்றாள்.

"எங்கே தப்பு சார்? கல்லுக்குள்ளே தண்ணி விட்டுப் பார்த்தேன். எடுத்த துண்டெல்லாம் பாஸ்."

"எந்தத் துண்டு?"

"இதே பெட்டியிலே வெட்டினதுதான்."

"உதிர்ந்ததை என்ன பண்ணினே?"

"உதிர்ந்தது மெஷின்லே நிக்காது சார். ஒதுக்கிட்டோம். எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க."

"ம்."

பெட்டியைத் திறந்தார். கெட்டியான துண்டுகளில் மட்டும் வட்ட வட்டமாக வெட்டிய ஓட்டைகள். ஓரத்தில் பிளாஸ்டிக் பையில் உதிர்ந்த கற்கள், சீண்டுவாரில்லாமல்.

இரண்டு டீ கிளாஸ் எடுத்தார். ஒன்றில் பானைத் தண்ணீர். இன்னொன்றில், எண்ணெயோடு மேற்குக் கிணற்றிலிருந்து ஏறி வந்த உப்புத் தண்ணீர். கம்பெனி அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவந்தது.

பையிலிருந்து கிளாஸுக்கொரு கல் போட்டார்.

உப்புத் தண்ணீரில் கல் கல்லாகவே கிடந்தது. நல்ல தண்ணீரில் புகைபோலக் கொஞ்சம் கலங்கியது. பிறகு சரிந்தது. பிறகு சேறு.

"களிமண் கலந்த கல்லு. உப்பிலேயே கிடந்தது. நல்ல தண்ணி பட்டதும் ஊதி, வழியெல்லாம் அடைச்சிருச்சு."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இப்போ உப்புத் தண்ணியை விட்டா திறக்குமா சார்?"

சேற்று கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதைத் திரும்பக் கல்லாக்கு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கிழக்கு வயலுக்கும் என் கையெழுத்துதான். அதே பாறை. அதே ஆத்துத் தண்ணி. திங்கட்கிழமை திறக்கறாங்க. அதுவும் போனா அங்கே ஒருத்தருக்கும் வேலை இருக்காது சார்."

"என்கிட்டே ஏன் நிக்கிறே? போய் நிறுத்து."

போனாள். உதிர்ந்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை பொறுக்கச் சொன்னாள்.

"பைப் போட்டாச்சு, பந்தல் போட்டாச்சு. இப்போ வந்து டீ கிளாஸ் வித்தை காட்டறீங்களே மேடம்?" என்றார் மேலதிகாரி. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வந்தாள்.

"நான் சொன்னதைக் கேக்கலை சார்."

"முன்னே மேற்குக்கு ஒருதரம் கேட்டாங்களே. போதாதா?"

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மழைக்காலம் போன பின்தான் வந்தாள். பெட்டி எதிலும் உட்காரவில்லை.

"கிழக்கு தப்பிச்சிருச்சு சார்."

"உன் பேச்சைக் கேட்டாங்களா?"

"இல்லை."

"அழுதியா?"

"அழுதேன். அதையும் கேக்கலை."

"பின்னே?"

"திறப்புவிழா அன்னைக்குப் பம்ப் ஓடலை. மெக்கானிக் அதைக் கழட்டிப் பரப்பிப் போட்டுட்டு, குலசாமிக்குக் கிடாவெட்டுன்னு ஊருக்குப் போயிட்டான். போன் எடுக்கலை. சாவகாசமா வந்து, 'என்ன அவசரம்? பூமிக்குள்ளே இருக்கிறது ஓடியா போயிரும்?'னு கேட்டான். அதுக்குள்ளே பரிசோதனை முடிவு வந்திருச்சு. இப்போ உப்புத் தண்ணிதான் விடறாங்க."

இன்னாசி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

"மேற்கு?"

"பூட்டியாச்சு. ஆளுங்களை அனுப்பியாச்சு. வாட்ச்மேன் மட்டும் இருக்கார்."

அலமாரியில் அந்த கிளாஸ் அப்படியே இருந்தது. சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவர் அதைக் கழுவவில்லை.

"மெக்கானிக்குக்கு என்ன கொடுத்தாங்க?"

"மெமோ."



"இனிமே யார்கிட்டே படிச்சேன்னு எவனாவது கேட்டா, என் பேரைச் சொல்லாதே."

"வேறே யார் பேரைச் சொல்ல?"

"மெமோ வாங்கினவன் பேரை. என்ன பேரு அவனுக்கு?"

அவள் காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அய்யாவு, சார்."