தனியா போட்டால் படம் ஓடும்

செங்குளத்தில் தவசிமுத்துவைப் போல வெள்ளந்தியான ஆள் இன்னொருவர் உண்டென்றால், அது அவர் மச்சினன் இசக்கி. மூன்றாமவர் டெய்லர் பொன்னுலிங்கம். மூவரும் நடத்திய படிப்பகத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அதை விற்ற கடைக்கார ஹமீது அதில் காசில்லாத லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அன்று தோஹாவிலிருந்து தவசிமுத்துவின் மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பேரன் முதன்முதலாக நடக்கிறானாம். அவர் இன்னும் கண்ணால் காணாத பேரன். குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

படம் ஓடவில்லை. 'இதை இயக்கும் மென்பொருள் இல்லை' என்றது திரை.

ஹமீதுக்குப் போன் போட்டார்கள்.

"அண்ணாச்சி, அது லைசென்ஸ் உள்ள சரக்கு. சும்மா குடுக்கிற லினக்ஸ்ல சேத்துத் தரமாட்டாங்க. நீங்கதான் தனியா போடணும்."

"தனியாவா?" பொன்னுலிங்கம் மெட்ராஸில் இரண்டு வருஷம் இருந்தவர். "அங்க கொத்தமல்லி விதையைத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

"அதான பாத்தேன்!" என்றார் இசக்கி. "மளிகைக் கடையில கறிவேப்பிலைதான் சும்மா தருவான். மல்லி விதை தருவானா?"

நியாயமாகத்தான் பட்டது. நூறு கிராம் வாங்கி வந்து கீபோர்டில் தூவினார்கள். பாதி எழுத்துகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டது. படம் மட்டும் ஓடவில்லை.

"வறுத்துப் போட்டிருக்கணுமோ?" என்றார் தவசிமுத்து.

மறுபடி போன். "நிறுவுன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க. லைசென்ஸ் கேக்கும், ஒத்துக்கிடுங்க" என்றார் ஹமீது.

அமுக்கியதும் கேட்டது. இசக்கி தன் டிராக்டர் லைசென்ஸை எடுத்துத் திரைக்கு நேரே காட்டினார், போட்டோ தெரியும்படி. திரை அசையவில்லை. 'ஒப்புக்கொள்கிறீர்களா?' என்றே நின்றது.

"கிறீர்களான்னா பன்மை," என்றார் பொன்னுலிங்கம். "மூணு பேரையும் கேக்குது."

மூன்று விரல்களும் ஒரே மவுஸின் மேல் ஏறி அமுக்கின. சற்று நேரத்தில் படம் ஓடியது!

குட்டிக் கால்கள் தள்ளாடித் தள்ளாடி வந்தன. "பைய, ராசா, பைய!" தவசிமுத்து இரண்டு கைகளையும் நீட்டினார். பேரன் சிரித்தான், திரும்பினான், திரையின் ஓரத்தைத் தாண்டி நடந்தே போய்விட்டான். படம் முடிந்தது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, பிள்ளை நடந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா, நல்லா நடக்கான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இடது பக்கமா வெளிய போயிட்டான். நீ பதறாத. மாமாவும் பொன்னுலிங்கமும் சைக்கிளை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தேடப் போயிருக்காங்க."